வண்டியில் சும்மா இருக்கும் சுவிட்சில் களத்து விளக்கு

(பண்ணை இயந்திரப் பராமரிப்புப் பயிற்சியில் ஆற்றிய உரை)



டிராக்டர் நிற்கும் கொட்டகையிலேயே ஒரு ஜீப்போ, பழைய காரோ, சிறிய சுமை வண்டியோ நிற்பது இன்று நம் கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. அந்த வண்டி சந்தைக்கு மட்டும் போவதில்லை. தோட்டத்துக்கும் களத்துக்கும் போகிறது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காய்கறி ஏற்றுபவர்களில் பலர் இருட்டிலேயே மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மடை மாற்றவும் இரவில்தான் போக வேண்டும். ஆகவே வண்டியில் கூடுதலாக இரண்டு விளக்குகள் பொருத்திக்கொண்டால் நல்லது என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. வாங்கிப் பொருத்தியும் விடுகிறோம்.

விளக்கைப் பொருத்துவதில் சிரமமில்லை. அதை எந்த சுவிட்சில் இணைப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. டாஷ்போர்டில் துளை போட்டு, வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் ஒன்றைத் திருகி, பேட்டரியிலிருந்து நேராக ஒரு மெல்லிய ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதே டாஷ்போர்டில், தொழிற்சாலையிலேயே வைத்த ஒரு சுவிட்ச் எந்த வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பயன்படுத்தக்கூடாது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

சும்மா இருக்கும் சுவிட்ச் ஏன் வந்தது?

ஒரே வண்டியை நிறுவனங்கள் மூன்று நான்கு வகைகளாக விற்கின்றன. விலை கூடிய வகையில் பனி விளக்கு இருக்கும், பின் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகள் இருக்கும். விலை குறைந்த வகையில் இவை இரா. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி டாஷ்போர்டு செய்வது கட்டுப்படியாகாது. ஆகவே சில வண்டிகளில் பனி விளக்கு இல்லாமலேயே அதன் சுவிட்ச் மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் சுவிட்சுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அந்த மூடியை எடுத்துவிட்டு, அதே வண்டியின் விலை கூடிய வகைக்குரிய சுவிட்சை வாங்கி அமர்த்தலாம். அளவு சரியாக இருக்கும். டாஷ்போர்டில் துளை போட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் வண்டியுடன் கொடுத்த கையேட்டையும், பியூஸ் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தையும் பாருங்கள். பனி விளக்குக்கென்று பியூஸ் இடமும் ரிலே இடமும் காலியாகக் காட்டியிருந்தால், உங்களுக்கு வேலை பாதி முடிந்தது. பம்பருக்குப் பின்னால் மூடி போட்ட இணைப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயர் முழுவதும் ஏற்கெனவே ஓடியிருந்தால், உரிய ரிலேயையும் உரிய பியூஸையும் செருகினாலே அந்த இணைப்புக்கு மின்சாரம் வந்துவிடும். அத்தகைய வண்டி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலோருக்குச் சுவிட்ச் மட்டும் இருக்கும், அதன் பின்னால் பாதி ஒயர்கூட இருக்காது. நான் இனிச் சொல்லப்போவது அவர்களுக்குத்தான்.

பன்னிரண்டு வோல்ட் என்று அசட்டையாக இருக்கலாமா?

"பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் தீப்பிடிக்கும். கணக்கைப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு சேர்ந்தால் 110 வாட். இதே 110 வாட்டை வீட்டில் 230 வோல்ட்டில் எரித்தால் ஓடும் மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் குறைவு. வண்டியின் 12 வோல்ட்டில் எரித்தால் 9 ஆம்பியருக்கும் சற்று அதிகம். உங்கள் கிணற்றிலுள்ள 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஒவ்வொரு முனையிலும் எடுப்பது சுமார் 7.5 ஆம்பியர்தான். உள்ளங்கை அகல விளக்குகள் இரண்டு அதைவிட அதிகம் எடுக்கின்றன. ஒயரைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர். மோட்டாருக்கு என்ன கனத்தில் ஒயர் போட்டீர்கள், விளக்குக்கு என்ன கனத்தில் போட்டீர்கள் என்று ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒயரின் மேலுறை தேய்ந்து வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் இன்னும் ஆபத்து. எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடியது இந்தப் பேட்டரி. அவ்வளவும் ஒரு மெல்லிய ஒயர் வழியாகப் பாய்ந்தால் சில நொடிகளில் ஒயர் சிவந்து, உறை உருகி, அருகிலுள்ள ஒயர்களையும் பற்றவைக்கும். நம் வண்டிகளில் சாக்கும் வைக்கோல் துணுக்கும் எப்போதும் கிடக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் சும்மா இருக்கும் சுவிட்சில் இந்த 9 ஆம்பியரையும் நேராகக் கொடுத்துவிடலாமா? கூடாது. அந்தச் சுவிட்சின் உள்ளே இருக்கும் தொடு தகடுகள் மிகச் சிறியவை. பல வண்டிகளில் தொழிற்சாலையே அதை ஒரு ரிலேயை இயக்குவதற்கென்று மட்டுமே வைத்திருக்கிறது. விளக்கின் சுமையை அதன்மேல் ஏற்றினால் சில நாள் எரியும். பிறகு தொடு தகடு கருகும், சுவிட்ச் இளகும், டாஷ்போர்டுக்குள் கருகல் நாற்றம் வரும்.

பம்ப்செட் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்

ரிலே என்றதும் ஏதோ புதிய கருவி என்று எண்ண வேண்டாம். உங்கள் மோட்டார் அறையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியே ஒரு பெரிய ரிலேதான். பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள். மோட்டாரின் மின்சாரம் அந்தப் பொத்தான் வழியாகப் போவதில்லை. பொத்தான் உள்ளேயிருக்கும் காயிலுக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுக்கிறது. காயில் காந்தமாகிக் கனத்த தகடுகளை இழுத்துச் சேர்க்கிறது. அந்தத் தகடுகள் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. கரண்ட் நின்றால் காயில் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும்.

வண்டியின் ரிலேயும் இதே வேலையைத்தான் செய்கிறது. தீப்பெட்டியைவிடச் சிறியது. அதன் காயில் எடுப்பது சுமார் 0.15 ஆம்பியர் மட்டுமே. அதன் தகடுகளோ 30 ஆம்பியர் வரை தாங்கும். ஆக, சும்மா இருக்கும் சுவிட்சுக்கு நாம் கொடுக்கும் வேலை காயிலை இயக்குவது மட்டுமே. அதை எந்தச் சிறிய சுவிட்சும் ஆண்டுக்கணக்கில் செய்யும். ஹாரன் ரிலே என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கும்போது 12 வோல்ட், 30 ஆம்பியர் என்று அதன்மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 24 வோல்ட் ரிலே லாரிக்கு உரியது, நம் வண்டியில் இழுக்காது.

ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30, 87 என்பவை கனத்த மின்னோட்டத்துக்கு. 85, 86 என்பவை காயிலின் இரு முனைகள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக 30-க்கு வர வேண்டும். 87-லிருந்து விளக்குகளுக்குப் போக வேண்டும். சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயர் 86-க்கு. 85-ஐ வண்டியின் இரும்புச் சட்டத்தில் எர்த் செய்ய வேண்டும். ஐந்து கால் ரிலே கொடுத்துவிட்டால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். அதில் எதையும் இணைக்க வேண்டாம். சுவிட்சைப் போடாதபோது மின்சாரம் வரும் கால் அது. தெரியாமல் விளக்கை அதில் இணைத்தால் இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்.

சுவிட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியமான கேள்வி. பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் சுவிட்ச் உயிரோடு இருக்கும். யாராவது குழந்தை அழுத்திவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே சாவியைத் திருப்பியதும் ரேடியோவுக்கு மின்சாரம் வருகிறதே, அந்த ஒயரிலிருந்து 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று வைத்து எடுப்பதே நல்லது. சாவியை எடுத்ததும் காயில் விட்டுவிடும், விளக்கு அணைந்துவிடும். காயிலுக்கு வேண்டியது மிகச் சிறிதளவே என்பதால் ரேடியோ ஒயருக்குச் சுமை கூடாது.

இனிச் சுவிட்சைச் சோதிக்கும் முறை. வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் இரும்பில் பட்டுப் பொறி பறக்கும். பிறகு சுவிட்சை வெளியே எடுத்து, அதன் பின்னாலுள்ள இணைப்பைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து இரண்டிரண்டு கால்களாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் ஒலித்து, எடுத்தால் நின்றுவிடும் இரு கால்கள்தாம் நமக்கு வேண்டியவை. மற்றக் கால்கள் பெரும்பாலும் சுவிட்சுக்குள் இருக்கும் சிறு விளக்குக்கு உரியவை. அந்தச் சிறு விளக்கையும் வீணாக்காமல், சுவிட்சிலிருந்து 86-க்குப் போகும் ஒயரோடு சேர்த்துவிட்டால், களத்து விளக்கு எரியும்போதெல்லாம் டாஷ்போர்டில் அது ஒளிரும்.

விரலை எடுத்ததும் சுவிட்ச் மேலே வந்து, ஒலியும் நின்றுவிட்டால், அது நிலைத்து நிற்காத வகை. பின் கண்ணாடிச் சூட்டுச் சுவிட்ச் பல வண்டிகளில் இப்படித்தான் இருக்கும். அது வண்டியின் மின்னணுப் பெட்டிக்கு ஒரு சைகை மட்டும் கொடுக்கும். சாதாரண ரிலேயை அதில் இணைத்தால், விரல் வைத்திருக்கும் வரைதான் விளக்கு எரியும். அந்தப் பெட்டியோடு இணைந்த ஒயர்களை வெட்டி ஒட்டுப்போடுவதை அறவே தவிர்க்க வேண்டும். போன செலவு விளக்கின் விலையோடு நிற்காது. அத்தகைய வண்டியில் பக்கத்திலுள்ள காலி மூடியை எடுத்து, நிலைத்து நிற்கும் வகைச் சுவிட்ச் ஒன்றைத் தனியாக அமர்த்துவதே வழி. மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்போ உள்ள ஒயர்கள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அவை காற்றுப்பைக்கு உரியவை. மீட்டரைக்கூட அங்கே வைக்கக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால், கை வைக்கும் முன் விற்பனையாளரின் பணிமனையில் கேட்டுவிட்டுச் செய்வது நலம்.

பியூஸும் ஒயரும்

பியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு என்று நினைக்கிறோம். அது காப்பாற்றுவது ஒயரை. ஆகவே பியூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். அப்போதுதான் அதற்குப் பின்னால் ஒயர் எங்கே இரும்பில் பட்டாலும் பியூஸ் எரிந்து இணைப்பு துண்டிக்கப்படும். இரண்டு 55 வாட் விளக்குகளுக்கு 15 ஆம்பியர் பியூஸ் போதும், நீல நிறத்தில் இருக்கும். பியூஸ் எரிந்துபோனால் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகிவிட்டு, "இப்போது எரிவதில்லை" என்று திருப்திப்பட வேண்டாம். கம்பி சுற்றிவைப்பது பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. எரிந்த பியூஸ் எங்கோ கோளாறு இருப்பதாகச் சொல்கிறது. அதைத் தேடிப் பாருங்கள்.

கனத்த மின்னோட்டம் போகும் வழி முழுவதும் 2.5 சதுர மி.மீ. பல இழைச் செப்பு ஒயர் போட வேண்டும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் ஆகாது. வண்டியின் அதிர்ச்சியில் அது உள்ளுக்குள் முறியும். மெல்லிய ஒயர் சூடாவதோடு ஒளியையும் திருடிக்கொள்ளும். விளக்குக்குச் சேரும் வோல்ட் நூற்றுக்கு 5 குறைந்தால், ஹாலஜன் விளக்கின் ஒளி நூற்றுக்கு 15-க்கு மேல் குறைந்துவிடும். "விளக்கு மங்கலாக இருக்கிறது, 100 வாட் பல்பு போடலாம்" என்று சிலர் அடுத்த தவறுக்குப் போவது இதனால்தான். பல்பில் குறையில்லை, ஒயரில்தான் குறை.

எர்த் இணைப்பில் பலர் சோம்பல்படுகிறார்கள். பெயிண்டின் மேலேயே ஒயரைத் திருகிவிட்டால் விளக்கு மினுக்கும். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் லக்கை வைத்து முடுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவ வேண்டும். எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டின் வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம் வேண்டும். தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள் ஒரு கோடையைத் தாங்குவதில்லை, பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். லக் வைத்து அழுத்தியோ, ஈயப்பற்று வைத்தோ இணையுங்கள். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் கழுவும் தண்ணீர் உள்ளே நிற்காது.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேர்க்கடலை மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறோம். எலி பானெட்டுக்குள் போய்ப் புதிய ஒயரைத்தான் முதலில் ருசி பார்க்கிறதோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. நெளிவுக் குழாய் ஒன்றுக்குள் ஒயரை விட்டுவிட்டால் தேய்மானத்துக்கும் பாதுகாப்பு, எலிக்கும் சற்றுத் தடை.

எவ்வளவு நேரம் எரிக்கலாம்?

எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரிக்கும்போது கணக்கு வேண்டும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 9 ஆம்பியர் வீதம் 3 மணி நேரம் எரித்தால் 27 ஆம்பியர்-மணி போய்விடும், ஏறத்தாழப் பாதி. புதிய பேட்டரி என்றால் வண்டி கிளம்பும். மூன்று ஆண்டு உழைத்த பேட்டரியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அடிக்கடி இப்படிப் பாதிக்கு இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுளும் குறையும். பூக்கூடைகளை ஏற்றி முடித்த பிறகு வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய பூ என்ன விலைக்குப் போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதனால்தான் எல்.இ.டி. விளக்கை நான் பரிந்துரைக்கிறேன். 18 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்தாலும் 3 ஆம்பியர்தான். அதே 3 மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-மணியே செலவாகும். பக்கத்தில் நின்று மூட்டை கட்டும் வேலைக்கு அந்த ஒளி போதும். பியூஸ் 5 ஆம்பியர் வைத்தால் போதுமானது. சுமை குறைவுதானே என்று ரிலேயை விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். சுவிட்சின் தாங்குதிறன் அதன்மேல் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய விட்டுவிட வேண்டாம். ஹாலஜனுக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் குமிழின் சுவர் 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகும். மூடியில்லாத விளக்கின் முகத்தில் வைக்கோல் படும்படி பாரம் ஏற்றக் கூடாது.

பின்புறம் நோக்கிய வெள்ளை விளக்கைச் சாலையில் எரித்துக்கொண்டு போவது பின்னால் வருபவரின் கண்ணைக் குருடாக்கும். ரிவர்ஸ் விளக்கு, எண் பலகை விளக்கு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வண்டியின் பின்புறம் சிவப்பு அல்லாத ஒளி காட்டக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. டாஷ்போர்டுச் சிறு விளக்கை இணைக்கச் சொன்னது இதற்காகவும்தான். சுவிட்சின் மேல் பனி விளக்குப் படம் இருப்பதால், வேறு யாராவது வண்டியை ஓட்டும்போது மழையில் அதைப் போட்டுவிடக்கூடும். "களத்து விளக்கு" என்று ஒரு துண்டுத் தாள் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

டிராக்டருக்கும் முறை இதுவே. அங்கே அதிர்ச்சியும் தூசியும் அதிகம் என்பதால் ரிலேயை எஞ்சினின் மேல் அல்லாமல் சட்டத்தில் பொருத்த வேண்டும், ஒயரை அரை முழத்துக்கு ஒரு கட்டு போட வேண்டும்.

எல்லாம் இணைத்த பிறகு நெகட்டிவ் முனையை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைக் கால் மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு அணைத்துவிட்டு, ரிலே, பியூஸ் பிடிப்பு, ஒயர், ஒட்டுகள் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். விரலை வைத்திருக்க முடியாத அளவு சூடு எங்கே இருக்கிறதோ, அந்த இணைப்பு இளகியிருக்கிறது அல்லது ஒயர் மெல்லியது. அதைச் சரிசெய்த பிறகே வண்டியை இரவு வேலைக்கு எடுங்கள். பத்து நாள் ஓடிய பின் இன்னொரு முறையும் தொட்டுப் பாருங்கள். புதிய திருகுகள் பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான் தளர்கின்றன.